ஹனோய்: சுவரோரமாக நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

காலையில் அறைக்கதவைத் திறந்தால் தரை வேர்த்திருக்கிறது. யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று துணி தேடினேன். மாடிப்படி, கைப்பிடி, சுவர், நிலைக்கண்ணாடி எல்லாமே நனைந்து கிடந்தன. வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே "நோம்" என்றார். மார்ச் மாத ஹனோய்க்கென்றே இருக்கிற சொல். குளிர் விட்டும் விடாமலும் இருக்கிற நாட்களில் கடல் பக்கமிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வரும். இன்னும் சில்லென்றிருக்கும் தரையிலும் சுவரிலும் அது பட்டு நீராய்ப் படியும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. சன்னலைத் திறந்தால் இன்னும் மோசம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

நான் வந்திருப்பது வியட்நாம் தலைநகரின் ஓவியம் தீட்டிய சுவர்களைப் பார்க்க. அவை வேர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பழைய நகரத்துச் சந்துகளில் பகல் முழுக்கக் கால்போன போக்கில் நடந்தேன். இங்கே பல தெருக்களின் பெயர் 'ஹாங்' என்று தொடங்கும்; சரக்கு என்று பொருள். ஹாங் பாக் வெள்ளிக்காரர் தெரு, ஹாங் தியெக் தகரக்காரர் தெரு. பெயர் மட்டும் மிஞ்சி வியாபாரம் மாறிப்போன தெருக்கள்தான் அதிகம். ஆனால் ஹாங் தியெக்கில் இன்னமும் காதைப் பிளக்கும்படி தகரம் தட்டுகிறார்கள். ஹாங் மாவில் காகித விளக்குகளும் முன்னோருக்கு எரித்து அனுப்பும் காகிதச் சாமான்களும் தொங்குகின்றன. காகித வீடு, காகிதச் செருப்பு, காகித பைக்.

சுவர் ஓவியம் எதுவும் இன்று கண்ணில் படவில்லை. ஆனால் ஒரு கையெழுத்து திரும்பத் திரும்ப வந்தது. மூன்று நான்கு சொற்கள், கீழே ஒரு தொலைபேசி எண். ஸ்டென்சில் வைத்துக் கறுப்பிலோ சிவப்பிலோ அடித்தது. மின்கம்பத்தில், கோயில் மதிலின் ஓரத்தில், இரும்புக் கதவில், மாடிப்படியின் அடிவயிற்றில். ஒரே சுவரில் பதினோரு முறை எண்ணினேன். எங்கே பார்த்தாலும் தன் அடையாளத்தை விட்டுப்போகிற கலகக்கார ஓவியன் எவனோ என்று முடிவுகட்டி, முப்பது படமாவது எடுத்திருப்பேன்.

மாலையில் வீட்டுக்கார அம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "கொவான் காட் பே தோங்". கான்கிரீட் துளைத்துத் தரப்படும், அறுத்துத் தரப்படும். 'பே தோங்' பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், கான்கிரீட். ஊர் முழுக்க இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், துளை போடுகிறவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ராத்திரியில் பைக்கில் வந்து அடித்துவிட்டுப் போவார்களாம். சுண்ணாம்பு பூசி மறைத்தால் மறுவாரம் அதன் மேலேயே அடிப்பார்களாம். சுத்தமான வெள்ளைச் சுவர் கிடைத்த சந்தோஷம்.

தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே 'இந்தச் சுவர் எங்களுக்கு' என்று கட்சிப் பெயர் எழுதிப் பிடித்து வைக்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இது புரியாமல் போகுமா? முப்பது படங்களையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரவு ஹொவான் கியெம் ஏரி. 2016 செப்டம்பரிலிருந்து வெள்ளி மாலை முதல் ஞாயிறு நள்ளிரவு வரை ஏரியைச் சுற்றிய சாலைகளில் வண்டி கிடையாது. தடுப்பை இழுத்து வைத்த மறுநிமிடம் நடுச்சாலையில் குழந்தைகள் இறங்கிவிட்டார்கள். மற்ற நாட்களில் இந்தச் சாலையைக் கடக்க எனக்குக் கடவுள் துணை வேண்டும். நாளை ஃபுங் ஹுங்.

இரண்டாம் நாள், சனி

ஃபுங் ஹுங் தெருவை நான் தெருவாகவே நினைத்து வந்தேன். அது ஒரு பாலத்தின் அடிப்பக்கம்.

சிவப்பாற்றைக் கடக்க பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய லாங் பியன் பாலம் 1902இல் திறந்தது. ஊருக்குள் தரையோடு தரையாக ஓடிவரும் ரயில், ஆற்றுக்கு வருவதற்குள் பாலத்தின் உயரத்துக்கு ஏறியாக வேண்டும். அதற்காகப் பழைய நகரத்தின் மேற்கு விளிம்பில் கல்லால் வளைவு வளைவாகக் கட்டி அதன் மேல் தண்டவாளத்தைப் போட்டார்கள். வளைவுகள் மொத்தம் 130 சொச்சம். பின்னாளில் சாலை கடக்கும் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றின் வாயைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த வாய் ஒவ்வொன்றும் மேலே அரைவட்டமாக முடிகிற ஒரு சுவர். பிறையில் விளக்கு வைப்பது போல அதற்குள் படம் வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 2018 பிப்ரவரியில், புத்தாண்டான தெத்துக்குச் சற்று முன் திறந்தார்கள். ஹொவான் கியெம் மாவட்ட நிர்வாகம், ஐ.நா.வின் யு.என். ஹாபிடாட், கொரியா ஃபவுண்டேஷன் மூன்றும் சேர்ந்து செய்தது. வியட்நாம் ஓவியர்களும் கொரிய ஓவியர்களும் வரைந்தார்கள். பொறுப்பாக இருந்து தொகுத்தவர் நுயென் தே சோன் என்கிற கலைஞர்.

மழையா பனியா என்று சொல்ல முடியாத தூறல். வார இறுதி என்பதால் வண்டிகள் இல்லை. முதல் ஐந்து நிமிடம் எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த ஆவ் ஸாய், இந்த ஊர்ப் பெண்களின் நீள அங்கி, உடுத்திய பெண்கள் பூ வைத்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்கிறார்கள். புகைப்பட ஸ்டூடியோக்களில் முன்பெல்லாம் தாஜ்மகால் திரை தொங்கும் அல்லவா, அது போல. படங்களும் அதற்கேற்றபடி இருக்கின்றன. பழைய டிராம் வண்டி. அரசாங்கப் பல்பொருள் அங்காடி. எழுத்தும் தூரிகையுமாக உட்கார்ந்திருக்கும் முதிய பண்டிதர். தோள் காவடியில் கூடை சுமந்து விற்கிறவர்கள். எல்லாம் போன காலம்.

டிராமின் முன்னால் நின்றபோதுதான் கொஞ்சம் இறங்கி வந்தேன். ஹனோயில் டிராம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து 1990 வாக்கில் நின்றுபோனது. என் பக்கத்தில் ஒரு தாத்தா பேரனுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மொழி தெரியாவிட்டாலும் 'லெங் கெங், லெங் கெங்' என்று அவர் மணி அடித்துக் காட்டியது புரிந்தது. பையன் டிராமைப் பார்க்கவில்லை, தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரியாக அந்த நேரம் மேலே ரயில் வந்தது. படத்தைப் பார்த்தபடி நிற்கிறோம், தலைக்கு மேல் சுவரே உறுமுகிறது. மீட்டர் கேஜ் பாதை, பெட்டிகள் சின்னது. அந்த ஒல்லியான தடதடப்பு எனக்குப் பழகியது. எங்கள் ஊருக்கு அகலப்பாதை வந்த வருடம் அதைக் கேட்டது கடைசி.

அதற்கு அப்பால் தண்ணீர்க் குழாய். தெருக்குழாயைச் சுற்றி வாளிகளோடு காத்திருக்கிற காட்சி. வீட்டுக்கார அம்மாள் அறுபதுகளில் பிறந்தவர். இந்தப் படத்தை இரவு கைப்பேசியில் காட்டியதும் அவருக்குப் பேச்சு ஊறிவிட்டது. 1986க்கு முந்தைய பங்கீட்டுக் காலத்தில் அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் கூப்பன், எல்லாவற்றுக்கும் வரிசை. விடியுமுன் போய் வரிசையில் ஆளுக்கொரு செங்கல்லை வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். செங்கல் நிற்கும், ஆள் வீட்டு வேலையைப் பார்ப்பார். சிலர் செங்கல்லில் பெயர் எழுதி வைப்பார்களாம். இங்கே செங்கல், எங்களூரில் குடம் என்றேன். வரிசையில் குடத்தைத் தள்ளிவிட்டு முன்னால் போனவர்களோடு நடந்த சண்டைகளை விவரிக்க மொழிபெயர்ப்புச் செயலிக்குத் திராணி போதவில்லை.

அவ்வளவு கஷ்டப்பட்ட காலத்தை ஏன் இப்படி அழகாக வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "அப்போது எனக்குப் பதினாறு வயது" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். நல்ல படங்கள் எவை என்றால், வளைவைச் சட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் வளைவாகவே பயன்படுத்தியவை. அரைவட்டம் ஒரு வீட்டு வாசலாகிறது, ஒரு சந்தின் முனையாகிறது, உள்ளே தெரு நீண்டு போகிறது. அடைத்த கல்லை மறுபடி திறந்துவிட்டது போல. மற்றவை சட்டத்துக்குள் போட்ட நாட்காட்டிப் படங்கள். வண்ணம் எனக்கு ரொம்பவே பளிச்சென்று பட்டது. இந்த ஊரின் தெருக்களை வரைந்து பேர்வாங்கியவர் புய் சுவான் ஃபாய், 1988இல் இறந்தார். இவர் வரைந்த பழைய நகரத் தெருக்களுக்கு 'ஃபோ ஃபாய்', ஃபாயின் தெரு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கையில் காசில்லாமல் செய்தித்தாளிலும் தீப்பெட்டியிலும்கூட வரைந்தவர். கனத்த கறுப்புக் கோடு, சாயம்போன சாம்பல், கோணிய கூரை, ஆளில்லாத சந்து. இன்றைய தூறலில் ஓவியம் இல்லாத எதிர்வரிசை வீடுகள் அவர் வரைந்தது போலவே ஊறிப்போய் நின்றன. நான் கொஞ்ச நேரம் திரும்பி நின்று அவற்றைத்தான் பார்த்தேன்.

தெருமுனையில் தேநீர். ஒரு கூடை, ஒரு ஃபிளாஸ்க், ஐந்து பிளாஸ்டிக் ஸ்டூல், இதுதான் கடை. கடைக்காரம்மா டம்ளரை நீட்டுமுன் என் வயதைக் கேட்டார். அந்நிய ஊரில் எடுத்தவுடன் வயது கேட்டால் நமக்குக் கோபம் வராது, அவர்களுக்கும் அது தப்பில்லை. வயது தெரிந்தால்தான் முறை வைத்துக் கூப்பிட முடியும். இந்த மொழியில் 'நான்', 'நீ' என்பதற்கே அக்கா, தங்கை, மாமா, பாட்டி என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு நாற்பத்து நான்கு. ஆக நான் 'எம்', தங்கை. அவர் 'ச்சி', அக்கா. அக்காவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் "ச்சி!" என்று சொல்வது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள், ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இந்த ஊரின் சுவர்க்கலை எல்லாமே பழைய நினைப்பு என்பது போல எழுதிவிட்டேன். இன்று கரைக்கு அப்பால் போய் வந்தேன்.

கரை என்றால் ஆற்றங்கரை அல்ல, சிவப்பாற்றின் வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கும் அணை போன்ற மேடு. அதையொட்டி ஓடும் சுவரில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பீங்கான் சில்லுகள் பதித்த ஓவியம். நுயென் து துய் என்கிற பெண்ணின் யோசனை. ஊரின் ஆயிரமாவது ஆண்டான 2010இல் முடித்து கின்னஸிலும் ஏற்றினார்கள். டிரம், மயில், கடல், குழந்தைகளின் கிறுக்கல் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடைபாதை ஒடுக்கம், பக்கத்திலேயே லாரி. இரண்டு கிலோமீட்டர் நடந்து புகையைத் தின்றதுதான் மிச்சம். பைக்கில் போகிறவருக்காகச் செய்த படம் இது, நடக்கிறவருக்கு அல்ல.

மேட்டைத் தாண்டி இறங்கினால் 'ஃபுக் தான்' என்கிற குடியிருப்பு. மேட்டுக்கு வெளியே, அதாவது ஆறு பெருகினால் முதலில் நனைகிற பக்கம். குடியிருப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே வீடுகளின் பின்சுவர்கள். வெகுகாலம் குப்பை கொட்டிய இடம். 2020இல் 16 கலைஞர்கள் இங்கே வேலை செய்தார்கள். தொகுத்தவர் அதே நுயென் தே சோன். ஃபுங் ஹுங்கைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஒரே ஆள் செய்ததா என்று சந்தேகம் வரும். பொருட்களெல்லாம் கழித்துப் போட்டவை. எண்ணெய் கேன்களால் பாய்மரப் படகுகள் செய்திருக்கிறார்கள். தகரம், உடைந்த ஓடு, கண்ணாடி. எது கலை, எது வீட்டுக்காரர் வெளியே போட்ட சாமான் என்று இரண்டு இடத்தில் எனக்குக் குழப்பம் வந்தது. ஒரு படைப்பின் ஓரத்திலேயே கயிறு கட்டிப் போர்வை உலர்த்தியிருந்தார்கள். நோம் நாளில் அது உலரப்போவதில்லை, ஆனாலும்.

நிறம் மங்கியிருக்கிறது, சிலது உடைந்தும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் யாகி புயலுக்குப் பின் ஆறு இருபது வருடத்தில் காணாத உயரத்துக்கு ஏறியபோது இந்தப் பகுதியில் தண்ணீர் புகுந்தது. எங்கே வரை என்று சைகையில் கேட்டேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை மார்புக்கு நேரே வைத்துக் காட்டினார், பிறகு யோசித்து இன்னும் ஒரு சாண் உயர்த்தினார். ஓவியத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்னது நல்லதா கெட்டதா என்று செயலியால் சொல்ல முடியவில்லை. "இப்போது ஆள் வருகிறார்கள், குப்பை வருவதில்லை" என்று வந்தது. இதைவிடப் பெரிய விமர்சனம் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது இதுதான். ஃபுங் ஹுங்கில் படத்தின் முன் வாழ்க்கையை ஒதுக்கி வைத்துவிட்டு நிற்கிறோம். இங்கே போர்வையை விலக்கிவிட்டுத்தான் படத்தைப் பார்க்க வேண்டும்.

மதியம் லாங் பியன் பாலத்தில் ஏறினேன். நடுவில் ரயில், இரு ஓரமும் பைக், சைக்கிள், நடையாட்கள். கார் கிடையாது. அமெரிக்கக் குண்டுகள் 1967இலும் 1972இலும் விழுந்து பழைய இரும்பு வளைவுகள் பலவும் போய்விட்டன. இருக்கிறதும் இல்லாததுமாக, பல் போன சீப்பு மாதிரி நிற்கிறது. வலப்பக்கமாக வண்டி ஓட்டுகிற இந்த ஊரில் இந்தப் பாலத்தில் மட்டும் இடப்பக்கமாக ஓட்டுகிறார்கள். மூன்று நாளில் முதல்முறையாக எந்தத் திசையிலிருந்து வண்டி வரும் என்று என் கழுத்துக்குத் தானாகவே தெரிந்தது. பாலத்தின் இரும்பிலும் கொவான் காட் பே தோங். இங்கே கான்கிரீட்டே இல்லையே ஐயா!

மாலை ஏரிக்கரைச் சாலை. வண்டியில்லாத நடுச்சாலையில் இரண்டு சிறுமிகள் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டார்கள். நீளச் செவ்வகம், குறுக்கே கோடு, ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து, இரு முனையிலும் அரைவட்டம். கட்டத்துக்கு ஐந்து கூழாங்கல், அரைவட்டத்தில் பெரிய கல் ஒன்று. எடுத்து ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே போகிறார்கள். கல் தீர்ந்ததும் அடுத்த கட்டம் காலியாக இருந்தால் அதற்கு அடுத்ததை அள்ளுகிறார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. பல்லாங்குழியில் வெறுங்குழியைத் துடைத்துவிட்டு அடுத்த குழியை அள்ளுவோமே, அதேதான். நமக்குக் குழி பதினான்கு, இவர்களுக்குக் கட்டம் பத்தும் முனை இரண்டும். பெயர் 'ஓ ஆன் குவான்'. அரைவட்டத்தில் இருக்கும் பெரிய கல்தான் குவான், அதிகாரி. அதிகாரியைச் சாப்பிடுவது ஆட்டம். உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆட்டம் தோற்றேன். ஏழு வயதுக்காரி என்னை 'கோ' என்றாள், அத்தை. அதிகாரி இரண்டு பேரும் அவள் மடியில்.

தூறல் வலுத்து எழுந்தபோது கோடு கரைந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள், திங்கள்

விமானம் இரவில். காலையில் ஃபுங் ஹுங்குக்கு மறுபடி போனேன். கூட்டமில்லாமல் தண்ணீர்க் குழாயை நிதானமாகப் பார்க்கலாம் என்று.

பார்க்க முடியவில்லை. பல படங்களின் முன்னால் பைக்குகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டிராமின் சன்னலுக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது, கூட்டநேரத்தில் நிஜமாகவே வந்து நின்ற டிராம் மாதிரி. ஆவ் ஸாய் இல்லை, பூச்சைக்கிள் இல்லை. சுவரின் கீழ்ப்பகுதி நோமில் கசிந்து, வண்ணத்தின் மேல் நீர்க்கோடு இறங்கியிருந்தது.

ச்சி இன்று முனையில் இல்லை. தோள் காவடிக்காரியின் படத்துக்குக் கீழே, பைக்குகளுக்கு இடையில் கிடைத்த சந்தில் கூடையை வைத்திருந்தார். படத்தில் இருப்பவளின் கூடையும் இவர் கூடையும் ஏறக்குறைய ஒரே அளவு. ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்போது ஊருக்கு, பிள்ளைகள் எத்தனை, இந்தியாவில் தேநீர் விலை என்ன என்று விசாரணை. சூரியகாந்தி விதைத் தொலி தரையில்.

டம்ளரில் பாதிகூடக் குடிக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம். திறந்த லாரி ஒன்று மெதுவாக வந்தது, பின்னால் ஏற்கெனவே பறித்த ஸ்டூல்களும் ஒரு குடையும். 2017இல் நடைபாதையை மீட்கிறோம் என்று பெரிதாகத் தொடங்கியது, அவ்வப்போது இப்படி வந்து போகிறது என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நினைத்துப் பார்ப்பதற்குள் என் கீழே ஸ்டூல் இல்லை. ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. கூடை பைக்குகளுக்குப் பின்னால், அதன் மேல் மழைக்கோட்டு. ச்சி எதிர்வீட்டு வாசலில் யாரோ போல உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைபாதையில் மிச்சம் நான், கையில் சூடான டம்ளர். லாரியிலிருந்தவர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சுவர் பக்கம் திரும்பி, கைப்பேசியை எடுத்து, காவடிக்காரியைப் படமெடுக்கத் தொடங்கினேன். மூன்று எடுத்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

சத்தம் திருப்பத்தில் தேய்ந்ததும் ஸ்டூல் தானாக என் பின்னால் வந்து நின்றது. "எம், உட்கார்" என்றார் ச்சி. டம்ளரை வாங்கி, ஆறிப்போனதைச் சுவரோரம் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றினார். இதற்குத் தனிக் காசா என்று ஜாடையில் கேட்டேன். ஐந்து விரலைக் காட்டினார், ஐயாயிரம் டோங், முதலில் சொன்ன அதே விலை. லாரி இனி நாலு மணிக்குத்தான் வருமாம்.